போர்டிகோவுக்குள் வளர்ந்த வண்டி

பர்ச்சேஸ் டிபார்ட்மென்டில் வேலை பார்ப்பவனை எந்த வியாபாரியாலும் ஏமாற்ற முடியாது. அந்த வேலையை அவனே செய்துகொள்வான். ஒரகடத்தில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் கொள்முதல் பார்த்துக் குப்பை கொட்டும் நானே இதற்குச் சாட்சி.

என்னிடம் ஒரு ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் இருக்கிறது. (சேற்றில் இறங்கியதே இல்லை. ஆபீஸ், வீடு, மளிகைக்கடை.) அதைத் தூக்கி உயரமாக்க வேண்டும் என்ற பித்து பிடித்ததற்குக் காரணம், என் மச்சினிக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை. அவர் பெண் பார்க்க வந்த ஜீப் என் வண்டியைவிட அரை சாண் உயரம். நானோ மூத்த மாப்பிள்ளை. நிச்சயதார்த்தத்தன்று மணிமங்கலம் மண்டப வாசலில் இரண்டு வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று கொட்டேஷன் இல்லாமல் நான் துடைப்பம்கூட வாங்கமாட்டேன். இதற்கும் மூன்று வாங்கினேன். ஸ்பிரிங்கோடு ஒரு கட்டையைச் சேர்த்துத் தூக்குவது ஒரு வழி. மலிவு, ஆனால் இடுப்பு கழன்றுவிடும் என்றார்கள். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், பெரிய டயர் என்று எல்லாவற்றையும் மாற்றுவது இன்னொன்று. விலையைச் சொல்வதற்கு முன் என்னை உட்காரச் சொன்னார்கள். மூன்றாவது, சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்தை விட்டுவிட்டு பாடியை மட்டும் தூக்குவது. அதைச் சொன்னவரே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். எதைச் செய்தாலும் ஆர்.டி.ஓ. பிடிப்பார், இன்ஷூரன்ஸ்காரர் கைவிரிப்பார் என்று மூவருமே எச்சரித்தார்கள். அதெல்லாம் கொட்டேஷனில் இல்லாததால் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாவது வழியைப் பிடித்து, சாமான்களை மட்டும் வாங்கி, கூலியை மிச்சம் பண்ணினேன். எங்கள் மாடி அறையில் குடியிருக்கும் இசக்கி, திருநெல்வேலிக்காரன், இருங்காட்டுக்கோட்டை கார் கம்பெனியின் அசெம்பிளி லைனில் சஸ்பென்ஷன் மட்டும் மாட்டுபவன். அவனும் அறை நண்பர்களும் பிரியாணிக்கு ஒப்புக்கொண்டார்கள். மழை தூறியதால் எங்கள் வீட்டு போர்டிகோவுக்குள்ளேயே வேலை நடந்தது. உள்ளே, விசேஷத்துக்காகக் குடும்பத்தோடு வந்து தங்கியிருந்த மாமனாரின் கார், அதை மறித்தபடி என் பிக்கப், மூக்கு வாசலைப் பார்த்து. ஒவ்வொரு போல்ட்டையும் பக்தியோடு முறுக்கினார்கள். ஜாக்கை இறக்கியதும் வண்டி ராஜா மாதிரி நின்றது. நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்தேன்.

மறுநாள் காலை நிச்சயதார்த்தம். பட்டுப்புடவையில் மச்சினி, தட்டுகளோடு சொந்தக்காரர்கள். முகூர்த்த நேரம் தாண்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும். நான் கம்பீரமாக வண்டியை நகர்த்தினேன். வாசல் பீமில் தலை இடித்து நின்றது.

மாமனார் பீமைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், அதன் பின்னால் சிறைப்பட்ட தன் காரைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். முகூர்த்த நாள் என்பதால் வாடகைக் கார் எதுவும் சிக்கவில்லை. இசக்கியைக் கூப்பிட்டு, இதைப் பார்க்க வேண்டாமா என்று எகிறினேன்.

"அண்ணாச்சி, எனக்கு சஸ்பென்ஷன் ஸ்டேஷன் மட்டுந்தான். வண்டி வாசல்ல போவுமான்னு பாக்கது வேற ஆளு."

அந்த வேற ஆள் நான்தான். மச்சினிக்குக் கண் கலங்கியிருந்தது. அப்போதுதான் எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

வழி சொன்னது என் மனைவி. "கல்யாண வேன்ல ஆளு ஏற ஏற வண்டி கீழ எறங்குது இல்ல? டயர்ல காத்த புடுங்கிட்டு எல்லாரையும் ஏத்துங்க."

அடுத்த பிரச்சினை, முன்சீட்டில் யாரை உட்கார வைப்பது. இங்கே யாருக்கு எடை அதிகம் என்ற கேள்வி அந்தக் குடும்பத்தில் முதல்முறையாகப் பகிரங்கமாகக் கேட்கப்பட்டது. ஆளாளுக்கு வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். பெரிய மாமனார் மட்டும், "அதுக்குத்தான நான் கீறேன்" என்று பெருமையோடு ஏறி அமர்ந்தார். மற்றவர்கள் பின்னால் ஏறித் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மாமியார் யோசித்துவிட்டு, "சும்மா குந்தாதீங்க. ஆளுக்கு ஒரு தேங்காவ கைல புடிங்க, அதுவும் வெயிட்டுதான்" என்றார்.

கூரை பெயின்ட் பீமுக்கும், பீமின் சிமென்ட் பட்டுப்புடவைகளுக்கும் போக, வண்டி கிறீச்சிட்டுக்கொண்டே வெளியே வந்தது. காற்றடித்துக்கொண்டு, முகூர்த்தம் தாண்டுவதற்குள் எப்படியோ போய்ச் சேர்ந்தோம். மண்டப வாசலில் ஜீப்பைத் தேடினேன். மாப்பிள்ளை ஒரு குட்டிக் காரிலிருந்து இறங்கினார். ஜீப் நண்பருடையதாம். பெண் பார்க்க வந்த அன்றைக்கு மட்டும் இரவல் வாங்கினாராம்.

பிக்கப் அன்றிலிருந்து தெருவில்தான் நிற்கிறது. கதை மட்டும் சம்பந்தி வீடு வரை போய்விட்டது. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் சகலை, பீமுக்கும் தன் தலைக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தாலும், தலையைக் குனிந்துகொண்டு கையில் ஒரு தேங்காயோடுதான் உள்ளே நுழைகிறார்.