எழுதியவர் பெயர் இல்லாத கவிதை

கணக்கர் அந்தக் கவிதையை வாயாலேயே கிழித்துத் தோரணம் கட்டிய பிறகுதான், எதிரே உட்கார்ந்திருந்த மனைவியின் முகம் சுருங்கிப்போனதைக் கவனித்தார்.

ஐம்பது வயதுக்கு மேல் அஞ்சல்வழியில் இலக்கியத் திறனாய்வு படிக்கிறார். சோக நாயகன் தன் தவறை எல்லாம் முடிந்த பிறகுதான் கண்டுகொள்வான் என்ற பாடம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எழுதியவர் பெயர் இல்லாத கவிதையை எடைபோடும் கேள்வியில்தான் உதைத்தது. பயிற்சிக்கு ஏதாவது கொடு என்று கேட்டதும், மனைவி மடமடவென்று ஒன்றை எழுதி நீட்டினாள். முகத்தில் கொஞ்சம் வெட்கம்கூட இருந்தது. அதைக் கவனிக்கப் பாடத்திட்டத்தில் இடமில்லை.

"'நீ வராத தெருவுக்கு விளக்கு எதற்கு'ன்னு ஒரு வரி. மத்தவங்க இருட்டுல தடுக்கி விழணுமா? சோகம்னா இரக்கமும் பயமும் வரணும். இதைப் படிச்சா கொட்டாவிதான் வருது" என்று முடித்திருந்தார்.

இவளே எழுதியிருப்பாளோ என்று இப்போதுதான் அவருக்கு உறைத்தது. "முதல் முயற்சிக்குப் பரவாயில்லை. எழுத எழுதக் கைவரும்."

"இது நான் எழுதினதில்லை. மனப்பாடமா இருந்தது."

அப்பாடா என்றிருந்தது. "அதானே பார்த்தேன். ஒரு வரிகூட மனசுலேருந்து வரலை. எழுதினவன் சுத்தப் புளுகன்."

"கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு எழுதினது" என்றாள். எழுந்து போய்ப் பையில் துணிகளை அடுக்கத் தொடங்கினாள்.

கணக்கர் பின்னாலேயே போனார். "இப்ப எங்கே இருக்கான் அவன்?"

"அந்த மனுஷன் செத்து ரொம்ப வருஷமாச்சு."

செத்தவன்மேல் பொறாமைப்படுவது அசிங்கம் என்று அவருக்கே தெரிந்தது. இருந்தாலும் பட்டார். இவள் போய்விட்டால் இந்த வீட்டில் யாரோடு பேசுவது என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பக்கத்துத் தெருவிலிருந்த மைத்துனனுக்குப் போன் செய்தார்.

அவன் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "அக்கா, எங்கே கிளம்பிட்டே?" என்றான்.

"உன் வீட்டுக்குத்தான்."

கணக்கர் காகிதத்தை நீட்டினார். "எவனோ உங்கக்காவுக்கு எழுதினதாம். நல்லா இல்லைன்னு உள்ளதைச் சொன்னேன், அதுக்குத்தான் இந்தக் கோபம். யாருன்னு உனக்காவது தெரியுமா?"

மைத்துனன் விளக்கு வரிவரை படித்தான். அக்காவைப் பார்த்தான். அவள் பையின் ஜிப்போடு மல்லாடிக்கொண்டிருந்தாள்.

"என்ன அத்தான், நீங்க எழுதிக் கொடுத்து, நான்தானே கொண்டுபோய் அக்கா கையில கொடுத்தேன்."