பிராக்கெட் அண்ணாச்சி குரங்குகளை ஏவிய கதை

தென்காசி வட்டாரத்திலேயே, தொடங்கிய பேச்சை ஒழுங்காக முடித்த மனிதர் ஒரே ஒருவர்தான். மேடைப் பேச்சாளர்களையும் சேர்த்தே சொல்கிறேன். குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் மேனேஜர், செங்கோட்டைக்காரர். வீட்டில் வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. ஊருக்கே அவர் பிராக்கெட் அண்ணாச்சி.

குற்றாலத்தில் சீசன் மூன்று மாதம். மீதி ஒன்பது மாதமும் காலி அறைகளுக்குக் காவல் இருப்பதுதான் மேனேஜர் வேலை. அந்த ஒன்பது மாதமும் அண்ணாச்சி ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் நாடு ஆண்டார். ராஜாக்கள் படை திரட்டி அடித்துக்கொள்ளும் விளையாட்டு அது. விளையாடுவதோடு நிறுத்தினாரா? நோட்பேடில் ஸ்கிரிப்ட் எழுதி விளையாட்டின் விதிகளையே மாற்றுவார். அதற்குப் பெயர் ‘மோடு’. அதில் திறந்த பிராக்கெட்டை எல்லாம் மூடியாக வேண்டும். ஒன்றை மறந்தாலும் ராஜாங்கம் காலி. அந்தப் பழக்கம் வாய்க்கும் வந்துவிட்டது.

“மாடி ரூம்ல தங்கியிருக்க கொல்லத்துக்காரர்ட்ட மழையப் பத்திப் பேசுனேன். மழைக்குள்ள மிளகு வெல வந்துட்டு. மிளகுக்குள்ள அவரு மாமனாரு வந்துட்டாரு. இருங்க சாரே, மாமனார மூடிட்டு வாரேன்” என்று என்னை நிற்கவைத்துவிட்டு மாடி ஏறிப்போவார்.

அந்த விளையாட்டு ஃபைல்களை அகரவரிசையில் படிக்கும். கடைசியாகப் படித்ததுதான் சட்டம். ஆகவே அவருடைய ஃபைல் பெயர்கள் எல்லாம் ஐந்து ‘இசட்’டில் தொடங்கும். லாட்ஜ்காரர்கள் கூட்டத்திலும் எல்லோரும் தொண்டை வற்றும்வரை காத்திருந்து கடைசி ஆளாகத்தான் எழுவார். அவர் மோடில் ‘ராஜா தும்மினார்’ என்று ஒரு வரி உண்டு. அதனால் எதுவும் நடக்காது. ஆனால் அதை அழித்தால் எங்கேயும் போர் மூளாது.

“ஏன் அண்ணாச்சி?”

“யாருக்குத் தெரியும்? இந்த கேமு அரசாங்க ஆபீஸ் மாதிரி. தப்புன்னு சொல்லாது, வேலையும் நடக்காது.”

நான் தென்காசியில் ஒரு மாடி அறையில் சாப்ட்வேர் கம்பெனி நடத்துபவன். விசிட்டிங் கார்டில் ‘சீனியர் டெவலப்பர்’. ஜூனியர் யாரும் கிடையாது. ஒருநாள் அந்தக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“மோடு எழுதுத எங்களையும் டெவலப்பர்னு சொல்லலாமா சாரே?”

“வாடகை வீட்டுல ஆணி அடிச்சவன்லாம் எஞ்சினியரா அண்ணாச்சி?”

அவருக்குக் கோபம் வரவில்லை. “எம் மோட நெட்ல எடுத்து வெளையாடுத போலந்துக்காரன் ஒருத்தன் என்னைய தெனமும் திட்டுதான். ஒங்கள?”

என்னை என் மனைவி மட்டும்தான் திட்டுகிறாள். அது வெறும் உள்ளூர்த் திட்டு.

போன சீசனுக்கு முன்பு லாட்ஜ்காரர்கள் சேர்ந்து, எல்லோருக்கும் பொதுவாக ஒரு புக்கிங் சாப்ட்வேர் வைக்க முடிவெடுத்தார்கள். அந்த வேலை கிடைத்தால் என் கம்பெனி பிழைக்கும். கிடைக்காவிட்டால் பாவூர்சத்திரத்தில் மச்சானின் காய்கறி மண்டியில் உட்கார வேண்டியதுதான். மச்சான் எனக்காக நாற்காலியே வாங்கிவிட்டார்.

கூட்டத்தில் எல்லோர் முன்பும் பெரிய திரையில் செய்துகாட்டினேன். “இந்த ஒரு ரூம மட்டும் கிளீனிங்னு அடைக்கேன், பாருங்க” என்று பட்டனை அமுக்கினேன்.

குற்றாலத்தில் உள்ள எல்லா லாட்ஜின் எல்லா அறைகளும் அடைபட்டன. திரை முழுக்கச் சிவப்பு.

“ஏ தம்பி, சீசன் ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள முடிச்சு வச்சிட்டீரே!” என்றார் சங்கச் செயலாளர்.

இப்படிப்பட்ட நேரத்தில் சீனியர் டெவலப்பர்கள் செய்வதை எல்லாம் செய்தேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். கேபிளைப் பிடுங்கி ஊதினேன். நெட் ஸ்லோ என்றேன். அந்த மண்டபத்தில் நெட்டே கிடையாது. வேர்வை கீபோர்டில் சொட்டியது.

பிராக்கெட் அண்ணாச்சி மெதுவாகப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“ரூம அடைன்னு எழுதுனிய. எவன் லாட்ஜு ரூமுன்னு எழுதுனியளா சாரே?”

“அத எதுக்கு எழுதணும்?” என்றேன்.

“எம் மோடுல, குரங்கு பூந்து ராஜாவோட தானியத்தத் திங்கும்னு ஒண்ணு வச்சேன். குத்தாலத்து ராஜாவுக்கு மட்டுந்தான். ஊரு பேரப் போட விட்டுப்போச்சு. ஒலகத்துல உள்ள அம்புட்டு ராஜா வீட்டுலயும் குரங்கு! பனி பெய்யுத ஊர்லயும் குரங்கு! போலந்துக்காரன் சும்மாவா திட்டுதான்?”

நான் எழுதியதைத் திறந்து பார்த்தேன். எந்த லாட்ஜ், எந்த அறை என்று ஒரு எழுத்துகூட இல்லை. ஒரு வரி சேர்த்தேன். ஒரே ஒரு அறை மட்டும் சிவப்பு, மற்றதெல்லாம் பச்சை.

“சரியாயிட்டே! யாருவே சரி பண்ணுனது?” என்றார் செயலாளர்.

உண்மை தொண்டைவரை வந்தது. கூடவே மண்டி நாற்காலியும் வந்தது.

“நான்தான். சும்மா ஒரு டெஸ்ட்டு” என்றேன்.

அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். எல்லோரும் பேசி ஓய்ந்தபின், வழக்கம்போல் கடைசியாக எழுந்தார். செத்தேன் என்று நினைத்தேன்.

“சாரு பெரிய டெவலப்பர்லா. வேலைய அவருட்டயே குடுங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் இரண்டு கிலோ மங்குஸ்தானோடு லாட்ஜுக்குப் போனேன். “தப்புப் பண்ணிட்டேன் அண்ணாச்சி. சாப்ட்வேர்ல ஒங்க பேரையும் போட்டுருதேன். டெவலப்பர்னே போடுதேன்.”

“அய்யோ, வேண்டாம் சாரே! நாளைக்கு அது கெட்டுப்போனா எனக்குல்லா போன் பண்ணுவானுவ” என்றபடி பழத்தை உடைக்க ஆரம்பித்தார்.

அவர்கள் யாரும் அவருக்குப் போன் பண்ணுவதில்லை. நான்தான் பண்ணுகிறேன். எதுவும் கெட்டுப்போகாத நாட்களில்கூட.