நன்றியுரையில் பதினான்கு பேர்

முப்பத்தெட்டுக் கட்டுரைகளிலும் மேரி கியூரிதான் இருந்தார். முன்னுரையில் போலந்தில் பிறந்து, பொருளுரையில் ரேடியம் கண்டுபிடித்து, முடிவுரையில் 'ஆகவே பெண்கள் நாட்டின் கண்கள்' என்று முடிந்திருந்தார். ஏழாவது கட்டுரையிலேயே ஜெயப்பிரியா டீச்சர் சிவப்புப் பேனாவை மூடிவிட்டார். மீதியைச் சும்மா புரட்டிப் பார்த்ததோடு சரி. எழுத்துப்பிழை கூட ஒன்று போல இருந்தது. எல்லோரும் ஒரே நோட்ஸைப் பார்த்திருக்கிறார்கள்.

தலைப்பு என்னவோ 'கவனிக்கப்படாத பெண் விஞ்ஞானிகள்'. இரண்டு நோபல் பரிசு வாங்கியவர் கவனிக்கப்படாதவர் என்றால், இருபது வருஷத்தில் ஒரு சால்வை கூட வாங்காத தன்னை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று டீச்சருக்குத் தோன்றியது.

அறிவியல் நாளுக்கு வாதக் கட்டுரைப் போட்டி என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. பள்ளிக்கு ஒரு கட்டுரை அனுப்ப வேண்டும். தலைமை ஆசிரியர் வேதகிரி முதலில் தமிழய்யாவைக் கூப்பிட்டார். இது அறிவியலாச்சே என்று அவர் நழுவிவிட்டார். அதனால் வேதியியல் டீச்சர் தலையில் விடிந்தது. வேறு யாராக இருந்தாலும் முணுமுணுத்திருப்பார்கள். ஜெயப்பிரியா டீச்சர் வாயெல்லாம் பல்லாகச் சரி என்றார். அதற்குக் காரணம் இருந்தது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், எம்.எஸ்ஸி. படிக்கும்போது, உத்திரமேரூர் ஏரியில் ஒரு வருஷம் முழுக்கப் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் மொண்டு ஆராய்ச்சி செய்தவர் அவர். வெயில் காலத்தில் மீன்கள் ஏன் கும்பலாகச் செத்து மிதக்கின்றன என்பதைக் கண்டுபிடித்தார். விடிவதற்கு முன்னால் மூன்றாவது மதகடியில் தண்ணீரில் பிராணவாயு அடியோடு குறைந்துபோகிறது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதுவரை யாரும் அதை எழுதவில்லை. ஆய்வேட்டைப் பெற்றுக்கொண்ட பேராசிரியர் நன்றாகச் செய்திருக்கிறாய் என்று முதுகில் தட்டினார். இரண்டு வருஷம் கழித்து ஒரு ஆய்விதழில் அதே கட்டுரை அவர் பெயரில் வந்தது. நான்காவது அட்டவணையில் டீச்சர் தப்பாக வைத்த தசமப் புள்ளி கூட அப்படியே இருந்தது. டீச்சர் பெயர் மட்டும் இல்லை.

அவர் யாரிடமும் கேட்கவில்லை. கல்யாணம், பி.எட்., வேலை என்று காலம் ஓடிவிட்டது. ஆனாலும் பஸ் ஏரிக்கரையைத் தாண்டும்போதெல்லாம் கழுத்து தானாகத் திரும்பும். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று தண்ணீரைப் பார்த்து ஏங்கும். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், 'இதைச் செய்தவள் இவள்' என்று எழுத்தில் எழுதினால் போதும். பரிசு வேண்டாம், பணம் வேண்டாம். தன் வாயால் சொல்லிக்கொள்ளவும் முடியாது, தம்பட்டம் என்பார்கள். யாராவது தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த 'யாராவது' பிளஸ் ஒன் வகுப்பில் இருக்கலாம் என்று அவருக்கு ஒரு நப்பாசை.

மறுநாள் கரும்பலகையில் நான்கு கேள்விகள் எழுதினார். நீ என்ன சொல்கிறாய்? அதற்கு ஆதாரம் என்ன? இல்லை என்பவன் என்ன சொல்வான்? அவனுக்கு உன் பதில் என்ன? இந்த நான்கும் இருந்தால்தான் அது வாதம், இல்லாவிட்டால் வாழ்த்து மடல் என்றார். டி.என்.ஏ.வைப் படம் பிடித்த ரோசலிண்ட் ஃபிராங்க்ளினைப் பற்றியும், நோபல் பரிசு வாங்கிய மூன்று ஆண்களைப் பற்றியும் உருக்கமாகச் சொன்னார். வகுப்பு உருகவில்லை. இது எத்தனை மார்க் என்று கேட்டது.

மேரி கியூரிக்குத் தடை போட்டார். முப்பத்தெட்டுப் பேரும் கல்பனா சாவ்லாவுக்கு மாறினார்கள். புத்தகத்திலும் போனிலும் இருக்கிற யாரையும் எழுதக் கூடாது என்றார். அதற்கு மறுநாள் வந்த கட்டுரைகளைப் பார்த்து டீச்சருக்குப் புல்லரித்தது. செய்யாற்றுப் பக்கம் குமுதவல்லி என்ற மாது 1911இல் மின்விசிறி கண்டுபிடித்திருந்தார். மாமண்டூரில் ஒருத்தி ஈயத்தைத் தங்கமாக்கியிருந்தாள். தினேஷ்குமாரை எழுப்பி நிறுத்தி, குமுதவல்லிக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார்.

"அவங்கதான் கவனிக்கப்படாதவங்களாச்சே மிஸ். அப்புறம் எப்டி ஆதாரம் இருக்கும்?" என்றான்.

 டீச்சர் சட்டத்தை இன்னும் இறுக்கினார். உயிரோடு இருக்கிற பெண்ணாக இருக்க வேண்டும், இந்தப் பக்கத்துக்காரராக இருக்க வேண்டும், நேரில் போய்ப் பேசிவிட்டு வர வேண்டும், ஒரு சாட்சியாவது வேண்டும். சொல்லிவிட்டு, போகிற போக்கில், "ரொம்ப தூரம்லாம் போக வேணாம். தண்ணிய ஆராய்ச்சி பண்ணவங்களா கூட இருக்கலாம்" என்று ஒரு தூண்டிலையும் போட்டுவைத்தார்.

தூண்டிலில் சிக்கியது தலைமை ஆசிரியரின் மனைவி. அவர் பி.எஸ்ஸி. படித்தவர், தண்ணீரைச் சீரகம் போட்டுக் காய்ச்சிக் குடிக்கச் சொல்பவர் என்று வரதன் இரண்டு பக்கம் எழுதியிருந்தான். சாட்சி: தலைமை ஆசிரியர். வேதகிரி அந்தக் கட்டுரையை ஆசிரியர் அறையில் இரண்டு முறை உரக்கப் படித்தார். இதையே அனுப்பிவிடலாம் என்றார். மூன்றாவது முறை படிக்கக் கண்ணாடியைத் துடைத்தார்.

அன்று மாலையே தினேஷ்குமாரின் அப்பா கன்னியப்பன் கழனியிலிருந்து நேராகப் பள்ளிக்கு வந்துவிட்டார்.

"டீச்சர், நீங்க இன்னாத்த சொல்லிக் குடுக்கிறீங்கன்னே தெரில. மாட்ட அவுத்துக் கட்டுடான்னா, அதுக்கு ஆதாரம் இன்னா நைனான்றான். சரி, புள்ள படிக்கிதுன்னு வுட்டேன். இப்போ அவங்கம்மாவ விஞ்ஞானின்னு எழுதிக்கினு வந்துக்கீறான்."

"வெத நெல்லுல பூச்சி வராம நொச்சித் தழை போட்டு வெச்சிருக்காங்கல்ல? அத எழுதியிருக்கான். நல்லாத்தான் இருக்கு."

"நல்லாத்தான் கீது. மூணு நாளா அவ என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேக்கறா. இத்தினி வருசமா என்ன ஏன் கவனிக்கலன்றா. நான் இன்னா பதில் சொல்றது? வூட்ல நாஷ்டா இல்ல டீச்சர்."

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வேறு வழியில்லாமல் டீச்சர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். பீரோவில் கிடந்த தன் ஆய்வேட்டைத் தூசி தட்டி, 'ஆதாரம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மாதிரி' என்று சொல்லி வகுப்பு மேசைமேல் வைத்தார். வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மணி அடித்த பிறகு ஒரு பெண் மட்டும் மேசையருகில் நின்றாள். மூன்றாவது பெஞ்சு நிஷா. கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பெண், அதிகம் பேச மாட்டாள்.

"மிஸ், இத வூட்டுக்கு எடுத்துக்கினு போவட்டா?"

 டீச்சர் கிழிக்காமல் கொண்டுவா என்று மட்டும் சொன்னார். 

அடுத்த மூன்று நாளும் நிஷா கேள்விகளோடு வந்தாள். பாட்டில் எப்படிப்பட்டது, எந்தப் பஸ்ஸில் வந்தீர்கள், எத்தனை மணிக்கு மொண்டீர்கள். இருபத்திரண்டு வருஷமாக யாரும் கேட்காத கேள்விகள். டீச்சர் வாத்தியார் வேலையை மறந்து கல்லூரிப் பெண்ணாகிவிட்டார். பேராசிரியர் கதையைச் சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. நிஷா எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, சாட்சி யார் என்று கேட்டாள்.

"ஏரிக்கரைல யார வேணா போய்க் கேளு. நான் நின்னு மொண்டத எல்லாரும் பாத்திருக்காங்க" என்றார் டீச்சர் பெருமையாக.

கட்டுரை முடிந்ததும் நிஷா கொண்டுவந்து நீட்டினாள். டீச்சர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவர் திருத்தினால், தானே எழுதிக் கொடுத்தார் என்று நாளைக்கு நாலு பேர் பேசுவார்கள். படிக்காமலேயே தலைமை ஆசிரியரிடம் போய்ச் சண்டை போட்டார். அவர் சீரகத் தண்ணீரை விட்டுக்கொடுப்பதாக இல்லை. கடைசியில் பெற்றோரும் வருகிற அறிவியல் நாள் கூட்டத்தில் இரண்டையும் வாசிக்க வைப்பது, எதற்குக் கைதட்டல் அதிகமோ அதை அனுப்புவது என்று முடிவாயிற்று.

அறிவியல் நாளன்று டீச்சர் அரக்கு நிறப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டார். யாருக்குக் கல்யாணம் என்று வீட்டுக்காரர் கேட்டார். ஸ்கூலில் ஒரு நிகழ்ச்சி என்றார். கண்ணாடி முன் நின்று, மேடைக்குக் கூப்பிட்டால் என்ன சொல்வது என்று ஒரு தடவை சொல்லியும் பார்த்துக்கொண்டார்.

வரதன் முதலில் வாசித்தான். தலைமை ஆசிரியரும் அவர் மனைவியும் கைதட்டினார்கள். அடுத்து நிஷா வந்தாள்.

"எங்கள் ஏரியில் வெயில் காலத்தில் மீன் ஏன் சாகிறது என்பதைக் கண்டுபிடித்த பெண்ணின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை" என்று தொடங்கினாள்.

முதல் வரிசையில் இருந்த டீச்சர் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். பார்வை மங்கியது. பேராசிரியர் செய்ததை நிஷா அட்டவணை எண்ணோடு சொன்னாள். தசமப் புள்ளியைக் கூட விடவில்லை. கூட்டத்தில் ச்சுச்சு கொட்டினார்கள். இருபத்திரண்டு வருஷத்துப் பாரம் இறங்குவது மாதிரி இருந்தது டீச்சருக்கு.

"இது திருட்டு. ஆனால் இது இரண்டாவது திருட்டு" என்று நிஷா பக்கத்தைத் திருப்பினாள்.

டீச்சரின் கை முந்தானையிலேயே நின்றுவிட்டது.

"முதல் மூன்று மாதம் எங்கள் ஆசிரியர் காலை பத்து மணிக்குத் தண்ணீர் எடுத்தார். எல்லா எண்ணும் நன்றாகவே இருந்தது. ஒன்றும் தெரியவில்லை. அப்போது ஏரியில் மீன்கூடை சுமந்துகொண்டிருந்த அம்முலு என்பவர், விடியும் முன்னால் மூன்றாவது மதகடியில் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும், அப்போது எடுத்துப் பார் என்றார். ஆதாரம், ஆய்வேட்டின் முப்பத்தோராம் பக்கம். நான்காம் மாதத்திலிருந்து நேரமும் இடமும் மாறியிருக்கின்றன. ஏன் மாறின என்று ஆய்வேட்டில் இல்லை. இல்லை என்பவர், வாயால் சொன்னது ஆராய்ச்சி ஆகுமா என்பார். என் பதில் இது. ஆய்வேட்டின் நன்றியுரையில் பதினான்கு பேர் இருக்கிறார்கள். தட்டச்சு செய்தவர் இருக்கிறார். ஜெராக்ஸ் கடைக்காரர் இருக்கிறார். அம்முலு இல்லை."

 கன்னியப்பனின் மனைவி எங்கிருந்தோ கைதட்ட ஆரம்பித்தாள். கைதட்டல் கடைசி வரிசை வரை பரவியது.

டீச்சருக்கு முதலில் வந்தது கோபம்தான். வளர்த்த கடா மார்பில் பாய்ந்துவிட்டதே என்று இருந்தது. அப்புறம் அந்தக் குரல் காதில் கேட்டது. இருட்டுப் பிரியாத நேரம், குளிர்ந்த தண்ணீர், 'இங்க மொண்டு பாரும்மா' என்ற குரல். பெயர் தெரியாமல் இல்லை. வேண்டுமென்று விடவும் இல்லை. அந்தப் பட்டியலை எழுதியபோது அவளைப் பட்டியலில் போடலாம் என்றே தோன்றவில்லை. பேராசிரியருக்கும் இப்படித்தான் தோன்றாமல் போயிருக்குமோ என்று நினைத்தபோது, இத்தனை வருஷம் ஆசையாக வளர்த்த அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

வேதகிரி குனிந்து, பெண் சொல்வது சரியா என்று காதோடு கேட்டார்.

"ஆதாரம் இருக்கு சார்" என்றார் டீச்சர். எழுந்து நின்று அவரும் கைதட்டினார்.

நிஷா கையோடு சாட்சியையும் அழைத்து வந்திருந்தாள். கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில், நுனியில் உட்கார்ந்திருந்தாள் அம்முலு. தலை நரைத்துவிட்டது. முகம் அதேதான். பட்டுப் புடவை சரசரக்க டீச்சர் அத்தனை வரிசையையும் கடந்து போய் அவள் எதிரில் நின்றார். மேடைக்காகத் தயார் செய்து வைத்திருந்த பேச்சில் ஒரு வார்த்தை கூட இதற்கு உதவவில்லை.

"மன்னிச்சிடும்மா. உன் பேர நான் போட்டிருக்கணும். இனிமே எல்லாரும் சொல்லுவாங்க, கண்டுபிடிச்சது நீதான்னு."

அம்முலு கூட்டத்தை ஒரு தரம் சுற்றிப் பார்த்தாள். நாற்காலியை விட்டு எழுந்து, டீச்சரின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு வந்து கேட்டப்பவே சொல்லி இருக்கணும், வாய் வர்ல. மீனு வாய தொறக்கிறத பாத்து எனுக்குச் சொன்னது எங்க நாத்தனா, தாயாரம்மான்னு பேரு. பக்கத்து வூட்லதான் கீறா. காத்தால பொடவ மாத்திக்கினு கெளம்பறப்ப, எங்க போறன்னு கேட்டா. ரேசன் கடைக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."