தேவராஜ் அண்ணனுக்குக் கண் தெரியாமல் போன மத்தியானம்

நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போக மாட்டோம். கேட்காத ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால்தான் தூக்கம் வரும். எனக்கு அந்த வியாதி முற்றியிருந்த நேரத்தில் வந்து மாட்டிக்கொண்டவர் என் அக்காவின் கணவர்.

மாமா கூடுவாஞ்சேரியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பார்வையைச் சோதிக்கிற எழுத்து அட்டை மஞ்சளேறி, ஓரம் பிய்ந்துவிட்டது. “மச்சான், அதே எழுத்த கம்ப்யூட்டர்ல வர்ற மாதிரி பண்ணிக் குடேன்” என்றார். அவ்வளவுதான் கேட்டார். வெள்ளைத் திரை, கறுப்பு எழுத்து.

நான் சும்மா இருப்பேனா? கம்ப்யூட்டர் டார்க் மோடில் இருக்கிறதா, லைட் மோடில் இருக்கிறதா என்று என் செயலி தானாகவே கண்டுபிடிக்கும். டார்க் என்றால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரும் என்று ஏற்பாடு செய்தேன். (கண் சோதனைக்கு இது எதற்கு என்று மாமாவும் கேட்டார். “இப்போ எல்லாத்துலயும் டார்க் மோடு கீது மாமா” என்று வாயை அடைத்துவிட்டேன்.) இரண்டு மோடிலும் திறந்து பார்த்தேன். பிரமாதம். செயலி திறந்திருக்கும்போதே மோடை மாற்றிப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

முதல் நாள், பெருமை பார்க்க நானும் கடைக்குப் போனேன். முன் மேசையில் அக்கா பில் போடும் கம்ப்யூட்டரிலிருந்துதான் உள் அறைத் திரைக்கு வயர் போயிற்று. காலையில் வந்தவர்கள் எல்லாம் ஒழுங்காகப் படித்தார்கள். மத்தியானம் தேவராஜ் அண்ணன் வந்தார். மகாபலிபுரத்துக்குச் சுற்றுலா வேன் ஓட்டுகிறவர். மாமா அவரை உள்ளே உட்காரவைத்து, லென்ஸ் செருகும் சட்டத்தை மூக்கில் ஏற்றினார். அந்த நேரம் பார்த்து அக்கா, “கண்ணு கூசுது” என்று கம்ப்யூட்டரை டார்க் மோடுக்கு மாற்றினாள். நான் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

மாமா எப்போதும் திரைக்கு முதுகைக் காட்டி, வந்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் லென்ஸ் மாற்றுவார்.

“மேல கீற எழுத்து இன்னா?”

“ஒண்ணியும் தெர்ல சார்.”

லென்ஸ் மாறியது. “இப்போ?”

“தெர்ல.”

“அந்தக் கண்ணால பாருங்க.”

“சார்... அதுவும் பூட்ச்சு சார்!”

“என் மூஞ்சி தெரியுதா?”

“நல்லா தெரியுது. எழுத்துதான் தெர்ல.”

எழுத்து மட்டும் தெரியாமல் போகிற வியாதியை மாமா தன் அனுபவத்தில் கண்டதில்லை. இருப்பதிலேயே பவர் கூடிய லென்ஸை எடுத்தார். அண்ணன் அதற்குள் மனைவிக்கு போன் போட்டுவிட்டார். “காலைல கூட ஃபுல் வண்டி ஓட்டிகினு வந்தேன்மா... இனிமே ஸ்டீரிங்கயே தொடக் கூடாது போல கீது” என்று புலம்பினார்.

சத்தம் கேட்டு டீ கிளாஸோடு உள்ளே ஓடினேன். திரை கன்னங்கரேல் என்றிருந்தது. அறிவுள்ள எவனுக்கும் அந்த இடத்தில் விஷயம் புரிந்திருக்கும். நானோ துள்ளிக் குதித்தேன்.

“மாமா! பாருங்க, டார்க் மோட தானாவே கண்டுபுடிச்சிகினு கீது!”

மாமா அப்போதுதான் முதல் தடவையாகத் திரும்பித் திரையைப் பார்த்தார்.

“டேய், எழுத்து எங்கடா?” (அதுவரை மச்சானாக இருந்தேன்.)

“கறுப்புல கறுப்பா கீது மாமா” என்றேன், ஈனக்குரலில். திரையின் பின்னணி மோடோடு தானே மாறிவிடும். எழுத்துக்கு என்ன நிறம் என்பதை மட்டும் என் செயலி, திறக்கும்போது ஒரே ஒரு தடவைதான் கம்ப்யூட்டரிடம் கேட்கும். காலையில் கேட்ட கறுப்பையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

செயலியை மூடித் திறந்தேன். எழுத்துகள் வெள்ளை வெளேரென்று வந்தன. தேவராஜ் அண்ணன் மேலிருந்து கடைசி வரி வரைக்கும், போனில் மனைவிக்குக் கேட்கட்டும் என்று, உரக்கப் படித்தார். படிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு போன் என் கைக்கு வந்தது. அந்த அம்மாள் சொன்னவற்றில் ‘தம்பி’ என்ற சொல்லை மட்டும்தான் இங்கே எழுத முடியும்.

மோடு மாறும்போதெல்லாம் மறுபடி கேட்கிற மாதிரி அன்றைக்கே சரிசெய்தேன். மாமா அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. புது அட்டை வாங்கி ஆணியடித்து மாட்டிவிட்டார்.

இப்போதும் நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் அவருடைய வேன் வந்தால், பட்டப்பகலில் ஹெட்லைட் இரண்டும் பளிச்சென்று எரியும். “தம்பி, தெரியுதா?” என்று தலையை நீட்டிக் கத்திவிட்டுப் போவார். வழியிலேயே கதையைச் சொல்லிவிடுவார் போலிருக்கிறது. மகாபலிபுரம் பார்க்கப் போகிற, முன்பின் தெரியாத குடும்பங்களெல்லாம் ஜன்னல் வழியாக எனக்குக் கை காட்டிச் சிரிக்கின்றன.