ஹவுன்ஸ்லோவில் ஓர் அயோவா

அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலை நினைத்து அமெரிக்கர்களை விட அதிகமாகக் கவலைப்பட்ட மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் அமெரிக்காவைக் கண்ணால் கண்டதில்லை. லண்டனில் ஹவுன்ஸ்லோவில், விமானங்கள் கூரையை உரசுவதுபோலப் பறக்கும் ஒரு தெருவில், எங்களோடு ஒரே வீட்டில் இருந்தார். அது எண்பதுகளின் பிற்பகுதி. அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, தபால்காரரின் காலடிச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடும் யாழ்ப்பாணத்தார், அவரையும் சேர்த்து ஆறு பேர், அந்த வீட்டில் இருந்தோம். ஏழாவது ஆள், கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த மதுரைக்காரர். எங்கள் நாயகருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஏதோ இருந்தது. நாங்கள் வைத்தது, ஓர் அமெரிக்க மாநிலத்தின் பெயரால், ‘அயோவா அண்ணை’.

விமான நிலையத்துச் சமையல்கூடத்தில் பயணிகளுக்கான சாப்பாட்டுத் தட்டு அடுக்குவது அவர் வேலை. சிக்காகோ போகும் விமானத்துக்கு அடுக்கும் நாளில் மட்டும் கரண்டியை இரண்டு தரம் துடைப்பாராம்.

“அயோவாக்காரன் ஆரும் அதில போவான் தம்பி. ஊத்தைக் கரண்டியால வயிறு பழுதாகிக் கோகஸுக்குப் போகேலாமல் போச்செண்டால்?”

இது பகிடியல்ல. உண்மையாகவே முகம் வாடிப்போய்க் கேட்பார்.

கோகஸ் என்றால் என்னவென்று தெரியாமல் அந்த வீட்டில் ஒருவரும் வாழ முடியாது. குளியலறைக்குப் போக வரிசையில் நின்றால் பின்னால் வந்து நின்று ஆரம்பிப்பார்.

“நாடு முழுக்க வாக்குப் போட்டு ஜனாதிபதியைத் தெரிவு செய்யிறது பிறகு. அதுக்கு முதல், கட்சிக்குள்ள ஆர் நிக்கிறதெண்டு முடிவாகோணும். அதை முதல்ல துவங்கிறது அயோவா. சோளம் விளையிற இடம். கொட்டுற பனிக்குள்ள, ஒரே பின்னேரத்தில, ஊருக்கு ஊர் சனம் கூடும். பள்ளிக்கூடத்தில கூடும், சேர்ச்சில கூடும், ஆரோ ஒராளின்ர வீட்டு விறாந்தையிலயும் கூடும். இந்த வேட்பாளருக்கு இந்த மூலை, அந்த வேட்பாளருக்கு அந்த மூலை. உமக்கு விருப்பமான மூலையில போய் நிக்கோணும். நூறு பேருக்குப் பதினைஞ்சு பேர் சேராத கூட்டம் கலையோணும். கலைஞ்ச ஆக்களை மற்றவை வந்து இழுப்பினம். கடைசியில ஒவ்வொரு கூட்டமும் தன்ர பருமனுக்கு ஏற்றபடி பிரதிநிதியளை மாவட்டத்துக்கு அனுப்பும். அங்கையிருந்து மாநிலம், அங்கையிருந்து தேசிய மாநாடு. அங்கைதான் வேட்பாளர் ஆரெண்டு முடிவாகும்.”

“ரெண்டு கட்சியும் இப்பிடித்தானோ அண்ணை?”

“இல்லை. மற்றக் கட்சி துண்டில எழுதிப் போடும். அதில எனக்கு விருப்பமில்லை” என்பார், யாரோ அவரிடம் சம்மதம் கேட்டதுபோல.

அதற்குள் குளியலறைக் கதவு திறந்திருக்கும். வேறு யாரோ உள்ளே புகுந்திருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்ன சமைப்பதென்று வீட்டில் வாக்குவாதம். “கோகஸ் வைப்பம்” என்றார் அண்ணை. அடுப்படிப் பக்கம் கோழி, சன்னல் பக்கம் மீன், குளிர்பெட்டிப் பக்கம் சாம்பார். கோழிக்கு மூன்று பேர், மீனுக்கு மூன்று பேர். குளிர்பெட்டியில் சாய்ந்தபடி தன்னந்தனியாக மதுரைக்காரர்.

“ஏழு பேரில ஒராள் எண்டால் நூற்றுக்குப் பதினாலு சொச்சம். பதினைஞ்சு இல்லை. நீர் கலையோணும்” என்றார் அண்ணை, தீர்ப்புச் சொல்லும் நீதிபதியைப் போல. “ஒண்டில் கோழிக்குப் போம், இல்லாட்டி மீனுக்குப் போம், இல்லாட்டி வீட்டை போம்.”

“நான் வீட்லதாங்க இருக்கேன்! அதோட நான் சைவங்க!”

“சைவமோ அசைவமோ, கோகஸ் கோகஸ்தான்.”

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. மதுரைக்காரர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கந்தான் வெல்லும். கோழிக் கட்சி ரசம் வைத்துத் தருவதாகச் சொன்னது. மீன் கட்சி சாம்பாரே வைத்துத் தருவதாகச் சொல்லி, மேலே அப்பளமும் போட்டது. மதுரைக்காரர் மீன் பக்கம் போய் நின்று, மீனைத் தொடாமல், சாம்பாரை வயிறாரச் சாப்பிட்டார்.

“பார்த்தியளோ! தோத்த ஆளுக்குத்தான் இதில மவுசு!” என்று துள்ளினார் அண்ணை. அடுத்த நிமிடமே முகம் கறுத்தது. “அப்ப அந்தக் கோழி பழுதாகப்போகுதே.”

கவலைப்பட அவருக்குக் காரணமா வேண்டும்? அயோவாவில் பனி கூடினால் கிழடுகட்டைகள் எப்படி வெளிக்கிடுவார்கள் என்று கவலை. ஏதோ ஒரு வேட்பாளருக்கு ஒரு மூலையில் ஓர் ஆள் குறைந்து கூட்டம் கலைந்தால் அந்த மனிதரின் மனைவி என்ன பாடுபடுவாள் என்று கவலை. எங்களில் ஒருவருக்கு அகதி விசாரணைக்கு அழைப்பு வந்தால், முதல் நாள் இரவு அந்த ஆள் குறட்டை விட்டுத் தூங்குவார். அண்ணைதான் கூடத்தில் உலாவிக்கொண்டிருப்பார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் அந்தப் பகுதித் தமிழரின் நலன்புரிச் சங்கம் தன் தலைவர் தெரிவை ஒப்படைத்தது. வேறு வழியிருக்கவில்லை. முந்தின வருடத் தெரிவில் கை உயர்த்தி, பிறகு குரல் உயர்த்தி, கடைசியில் உட்கார்ந்திருந்த கதிரையும் உயர்த்தினார்கள். இன்னொரு முறை சண்டை வந்தால் கூட்டம் நடத்தும் மண்டபத்தை மறந்துவிடுங்கள் என்று சேர்ச் பாதிரியார் சொல்லிவிட்டார். மண்டபம் போனால் அதிலேயே நடக்கும் எங்கள் பிள்ளைகளின் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியும் போகும்.

மூன்று பேர் போட்டியிட்டார்கள். டொக்டர்: எங்கள் எல்லாருடைய காய்ச்சலும் இருமலும் அவர் கையில். கடைக்கார அண்ணை: ஊர் மீனும் முருங்கைக்காயும் அவர் கையில். மூன்றாவது, சனிக்கிழமைப் பள்ளியை நடத்திய டீச்சர்: அவர் கையில் வெண்கட்டி மட்டும்.

அயோவா அண்ணை கழுத்தில் விசிலோடு வந்தார். கழுத்துப்பட்டி வேறு. “டொக்டருக்குச் சன்னல் பக்கம். கடைக்கார அண்ணைக்கு மேடைப் பக்கம். டீச்சருக்குக் கதவடி. முடிவெடுக்காதவை நடுவில. போங்கோ!” விசிலை ஊதினார்.

மண்டபம் முழுவதும் நடுவுக்கு வந்தது.

டொக்டரைப் பகைத்தால் மருந்துக்கு எங்கே போவது? கடைக்காரரைப் பகைத்தால் முற்றின முருங்கைக்காய்தான் கிடைக்கும். ஆகவே சனம் தேநீர் மேசையைச் சுற்றி நெருக்கியடித்து நின்றது. சன்னலடியில் டொக்டரும் மனைவியும். மேடையடியில் கடைக்காரரும் மச்சானும். கதவடியில் டீச்சர் மட்டும், குடையோடு.

“அயோவாவில முடிவெடுக்காதவையும் ஒரு கூட்டந்தான். அதுக்கும் இடமிருக்கு” என்று முதலில் சமாளித்தார் அண்ணை. டொக்டர் நடுவில் நின்றவர்களிடம் வந்து சுகம் விசாரித்தார். கடைக்காரர் வந்து மீன் விசாரித்தார். எல்லாரும் தலையாட்டினார்களே தவிர, ஒருவரும் அசையவில்லை. அண்ணைக்கு வியர்த்தது. பாதிரியார் வேறு வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பதற்றத்தில் அண்ணை உரத்துக் கத்தினார்:

“எல்லாரும் வரிசையா நில்லுங்கோ! ஒவ்வொராளா வந்து அந்தப் பக்கம், இந்தப் பக்கமெண்டு பிரிஞ்சு நில்லுங்கோ!”

மண்டபம் உறைந்துவிட்டது.

ஒரு தாய் பிள்ளையை இழுத்துச் சேலைக்குள் அணைத்தாள். என் பக்கத்தில் நின்றவரின் கை, அவரை அறியாமலே, மேல்சட்டைப் பைக்குள் அடையாள அட்டையைத் தேடியது. லண்டனில் அப்படி ஓர் அட்டை இல்லை. ஆனால் ஊரில் ராணுவம் சனத்தை வரிசையில் நிற்கச் சொல்லி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பிரித்து, ஒரு பக்கத்தாரை டிரக்கில் ஏற்றிக்கொண்டு போனதை அங்கே நின்றவர்களில் பலர் பார்த்திருந்தார்கள்.

அண்ணைக்கும் அது விளங்கிவிட்டது. கழுத்திலிருந்த விசிலைக் கழற்றித் தேநீர் மேசையில் வைத்தார். பிறகு அந்தப் பெரிய மண்டபத்தைக் குறுக்கே கடந்து கதவடிக்குப் போனார்.

“பிழையாச் சொல்லிப்போட்டன், மன்னிக்கோணும்” என்றார். “ஒருத்தரும் ஒருத்தரையும் பிரிக்கேல்லை. டொக்டர் எனக்கு மருந்து தாறவர். கடைக்கார அண்ணை எனக்கு மீன் தாறவர். ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டு நிக்கினம். இருந்தாலும் எனக்கு டீச்சர்தான் தலைவராய் வரோணும். நான் இதில நிக்கிறன்.”

எல்லாரும் டொக்டரைப் பார்த்தோம்.

டொக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “சரி ஐசே, உமக்கு இனிக் குளிசை இல்லை. ஊசிதான்!”

யாரோ சிரித்தார்கள். பிறகு மண்டபமே சிரித்தது. கட்டிப்போட்ட கால்கள் மெல்ல அவிழ்ந்தன. கொஞ்சப் பேர் மேடைப் பக்கம் போனார்கள், நானும்தான். கடைக்காரரை எனக்கு மனதாரப் பிடிக்கும். நிறையப் பேர் கதவடிக்குப் போனார்கள். பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பும் தாய்மார் மொத்தமாகப் போனார்கள். அவர்களோடு டொக்டரின் மனைவியும் போய்விட்டார்.

எண்ணி முடித்த அண்ணை சன்னலடிக்கு வந்து கைகளைப் பிசைந்தார். “டொக்டர், குறை நினைக்கக் கூடாது. உங்கட கூட்டம் நூற்றுக்குப் பதினைஞ்சு இல்லை. நீங்கள் கலையோணும்.”

“நானுமோ?”

“நீங்கள்தான் முதல்ல.”

டொக்டர் ஓவர்கோட்டைக் கையில் எடுத்தார். வாசலால் வெளியே போகப்போகிறார் என்று நினைத்தோம். கதவடி வரை போய், மனைவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். டீச்சர் தலைவரானார். கதிரைகள் எல்லாம் தரையிலேயே இருந்தன.

வெளியே மழை. கடைக்காரர் மீன் ஏற்றும் தன் வான் வண்டியின் கதவைத் திறந்தார். “ஏறும், துரோகி” என்றார் அயோவா அண்ணையிடம். ஏறக் கால் தூக்கிய நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்தச் சொல்லைச் சூட்டித்தான் எங்கள் ஊரில் எத்தனை பேரைச் சுட்டார்கள். “பகிடி ஐசே, பகிடி. நனையாமல் ஏறும்” என்று அவரே முதுகில் தட்டி ஏற்றினார்.

மீன் பெட்டிகளுக்கு நடுவில் குந்திக்கொண்டு போகையில் கேட்டேன். “ஏன் அண்ணை, உலகத்தில எத்தினை கூத்து இருக்க, உங்களுக்கு இந்த அயோவா?”

சரிந்துவந்த ஒரு மீன் பெட்டியைக் கையால் தள்ளி நிறுத்தினார்.

“ரேடியோவில ஒருக்காக் கேட்டனான் தம்பி. ஒருத்தன் தன்ர அயலானுக்கு முன்னால, எனக்கு இந்தாள்தான் வேணுமெண்டு எழும்பி நிக்கிறான். அயலான் எதிர்ப்பக்கம் நிக்கிறான். எல்லாம் முடிய ரெண்டு பேரும் ஒரே காரில வீட்டை போகினமாம். வீட்டை போய்ச் சேருகினமாம் தம்பி. அதை என்னால நம்பவே ஏலாமல் இருந்தது.”

வான் எங்கள் வாசலில் நின்றது. “கவனமா இறங்குங்கோ, படி வழுக்கும்” என்றார் கடைக்காரர்.

தொண்ணூறுகளின் நடுவில் அண்ணை தமக்கையிடம் கனடாவுக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் எனக்கு உள்துறை அமைச்சிலிருந்து கடிதம் வந்தது. வதிவிட உரிமை கிடைத்துவிட்டது. நல்ல செய்திதான். ஆனால் அந்த ஒரு வாரமும் எனக்காகக் கவலைப்பட்டுத் தூங்காமல் கூடத்தில் உலாவ ஆளில்லாததால், அந்தச் சந்தோஷம் எனக்குப் பாதிதான் கிடைத்தது.