துணைக்கேள்வியும் இரண்டு பச்சைத் தாள்களும்

நாகர்கோவில் முழுவதிலும் கேள்வி கேட்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். மற்ற எல்லோரும் சும்மா விசாரித்துக்கொண்டிருந்தோம். அவருடைய பெயர் என்ன என்று கேட்காதீர்கள், எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. வருகைப் பதிவேட்டில் பார்க்கலாமே என்பீர்கள். அவர் அங்கே வேலை பார்க்கவில்லை, ஆகவே பதிவேட்டில் இல்லை. நாற்காலி மட்டும் உண்டு. துணைக்கேள்வி என்று சொன்னால் எம்.எல்.ஏ. முதல் எதிர்க்கடையில் சாயா ஆற்றுகிறவர் வரை எல்லோரும் கை காட்டுவார்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் நான் ஒரு எம்.எல்.ஏ. அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தேன். எந்தத் தொகுதி, எந்தக் கட்சி என்று சொல்லமாட்டேன். எனக்கு இன்னும் இந்த ஊரில் பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

பஸ் என்றதும் நினைவு வருகிறது. துணைக்கேள்வி எங்கள் அலுவலக நாற்காலிக்கு வருவதற்கு முன்பு முப்பது வருடம் வடசேரி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். "மார்த்தாண்டம் வண்டி எப்ப?", "இது தக்கலை போவுமா?", "இப்ப எடுக்குமா, எடுக்காதா?" என்று பொழுது விடிந்தால் ஊரே அவரிடம் கேட்கும். முப்பது வருடம் பதில் சொன்ன மனிதர், ஓய்வு பெற்ற மறுநாள் முதல் திருப்பிக் கேட்க ஆரம்பித்தார். பிரிவு உபசார மாலை வாடுவதற்குள் எங்கள் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்து, சட்டமன்றத்தில் எம்.எல்.ஏ. கேட்க வேண்டிய கேள்விகளைத் தானே எழுதித் தருவதாக அறிவித்தார். எம்.எல்.ஏ.வுக்குப் பரம சந்தோஷம். அதுவரை அவையில் அவர் கேட்ட ஒரே கேள்வி சாப்பாட்டு இடைவேளை எப்போது என்பதுதான் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சட்டமன்றக் கேள்விக்கு ஒரு வடிவம் இருக்கிறது. '(அ) இன்ன ஊரில் இன்ன குறை இருப்பதை அரசு அறியுமா? (ஆ) ஆம் எனில், அதைப் போக்க அரசு ஆவன செய்யுமா?' அமைச்சர் முதல் கேள்விக்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டால் இரண்டாவதற்குப் பதிலே தேவையில்லை. 'இவ்வினா எழவில்லை' என்று முடித்துவிடுவார். அமைச்சர் பதில் சொல்லி முடித்த பிறகும் விடாமல் எழுந்து கூடுதலாக ஒன்று கேட்பதுதான் துணைக்கேள்வி. நம் அண்ணாச்சி எதற்கும் ஒரு கேள்வியோடு நிறுத்தியதில்லை. பெயர் அப்படித்தான் வந்தது.

இந்த வடிவம் அவருக்கு ரத்தத்தில் ஏறிவிட்டது. எதிர்க்கடையில் ரசவடையைப் பிட்டுப் பார்த்துக் கேட்பார்.

"(அ) இந்த ரசவடையில ரசம் இல்லங்கியத கடைக்காரரு அறிவாரா? (ஆ) ஆம் எனில், ரசத்த எப்ப ஊத்துவாரு?"

"அறியேன் அண்ணாச்சி. ரெண்டாவது கேள்வி எழவில்ல. சாயா ஆறுது, குடியும்" என்பார் கடைக்காரர். ஊரே அந்தப் பாஷைக்குப் பழகிவிட்டது. வீட்டில் மட்டும் அவர் மனைவி எதற்கும் பதில் சொல்வதில்லை. அந்த அம்மா எந்த அமைச்சரையும்விட அனுபவசாலி.

அமைச்சர்களின் பதில்களை அவர் வடசேரிச் சந்தையில் வாழைக்குலை பார்ப்பதுபோலத் தரம் பிரிப்பார். 'பரிசீலனையில் உள்ளது' என்றால் பிஞ்சு. 'ஆய்வு செய்யப்படும்' என்றால் காய். 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்றால் பழம். பழம் கிடைத்தால் விடவே கூடாது என்பார். அமைச்சர் அவையில் கொடுத்த வாக்கு நிறைவேறியதா என்று பார்ப்பதற்கே சட்டமன்றத்தில் உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறதாம். அந்தக் குழு கேட்டால் எந்தத் துறையும் பதில் சொல்லியே தீர வேண்டுமாம். இதை என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். நூறு தடவையும் நான் கொட்டாவி விட்டிருக்கிறேன்.

அப்படி ஒரு நாள்தான் ஃபிலோமினா அக்கா வந்தார். கடற்கரைக்காரர். கணவர் லூர்து வளைகுடாவில் யாரோ ஒரு முதலாளியின் படகில் மீன்பிடிக்கப் போனவர். படகிலேயே மயங்கி விழுந்து, ஒரு பக்கம் கை கால் விளங்காமல், இரண்டு மாதமாக அங்கே ஆஸ்பத்திரியில் கிடந்தார். பாஸ்போர்ட் முதலாளியின் கையில்.

"மீன் ஆபீசுல போனேன் சார். வெளிநாட்டுலல்லா கெடக்காரு, அதுக்கு வேற ஆபீசு உண்டுண்ணாவ. அங்க போனா, ஆசுபத்திரியிலல்லா கெடக்காரு, சுகாதாரத்துல போய்க் கேளுண்ணாவ. சுகாதாரத்துல போனா, மீன் பிடிக்கப் போனவருல்லா, மீன் ஆபீசுல கேளுண்ணாவ. மூணு சுத்து சுத்தியாச்சு. எனக்க மாப்பிள யாருக்க ஆளுண்ணு இப்ப எனக்கே சம்சயமாட்டு இருக்கு."

எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு தாளில் மூன்று வட்டம் போட்டு அம்புக்குறி வரைந்து பார்த்தேன். அம்பு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. தாளைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். அப்போதும் அதே கதைதான்.

துணைக்கேள்வி (அ) போடவில்லை, (ஆ) போடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஃபிலோமினா அக்காவிடம், "லூர்துக்கு என்ன வயசு?" என்று மட்டும் கேட்டார். நாற்பத்திரண்டு என்றார் அந்த அக்கா. அதற்கு அவர் துணைக்கேள்வி எதுவும் கேட்கவில்லை. நான் பார்த்த முதல் தடவை அதுதான்.

அக்கா போனதும் என் பக்கம் திரும்பினார். "மக்ளே, மூணு மந்திரிக்கும் ஓரோ கேள்வி போடுவோம். யாராவது ஒருத்தரு பழம் தருவாரு."

மீனவர் குடும்பங்களுக்கு நிவாரண உதவி பற்றி ஒன்று, வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவர்கள் பற்றி ஒன்று, கடற்கரை ஊர் சுகாதார நிலையத்தில் டாக்டர் இல்லாதது பற்றி ஒன்று. லூர்துவின் விவரம் இரண்டாவதில். எங்கள் எம்.எல்.ஏ. அவையில் கண்ணாடி போடமாட்டார், டிவியில் வயது தெரிந்துவிடுமாம். அதனால் ஒவ்வொன்றுக்கும் அவையில் எழுந்து கேட்க வேண்டிய துணைக்கேள்வியைக் கொட்டை எழுத்தில், ஒவ்வொரு நிறத் தாளில் அச்சடிக்க வேண்டும். மீனுக்கு ரோஸ், வெளிநாட்டுக்குப் பச்சை, சுகாதாரத்துக்கு மஞ்சள். எம்.எல்.ஏ. நிறத்தைப் பார்த்து எடுப்பார், எடுத்ததை முழக்குவார். வாசிக்க ஆரம்பித்தால் கடைசிப் புள்ளி வரை நிற்கமாட்டார். என்ன வாசிக்கிறோம் என்று யோசிக்கும் கெட்ட பழக்கமும் அவருக்கு இல்லை.

மூன்றும் அவையின் கேள்விப் பட்டியலில் ஏறிவிட்டன. கேள்வி நாளுக்கு முந்தின சாயங்காலம் எம்.எல்.ஏ. சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். மதியம் பார்த்தால் மஞ்சள் தாள் தீர்ந்துவிட்டது. கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். வெயிலில் இன்னொரு கடைக்கு நடக்க எனக்குச் சோம்பல். பச்சைத் தாள் நிறைய இருந்தது. சுகாதாரத்தையும் பச்சையிலேயே அடித்து உறையில் போட்டு அனுப்பிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. கொட்டை எழுத்துதானே, பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

கேள்வி நேரத்தை அலுவலகக் கணினியில் பார்த்தோம். நான், துணைக்கேள்வி, கையில் ஜெபமாலையோடு ஃபிலோமினா அக்கா. முதலில் வந்ததே சுகாதாரம்தான். அமைச்சர் பதில் சொல்லி உட்கார்ந்ததும் எங்கள் எம்.எல்.ஏ. எழுந்து உறையைத் துழாவினார். வெளியே வந்தது பச்சை.

"மஞ்சளுல்லா எடுக்கணும்?" என்றார் துணைக்கேள்வி. நான் விசைப்பலகையில் ஏதோ தூசி இருப்பதுபோல ஊதினேன்.

"மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே!" என்று எம்.எல்.ஏ. முழங்கினார். "மீனவர் லூர்து வளைகுடா மருத்துவமனையில் கிடப்பதையும், அவரது பாஸ்போர்ட்டைப் படகு முதலாளி வைத்திருப்பதையும் மாண்புமிகு அமைச்சர் அறிவாரா? ஆம் எனில், அவரை எந்த விமானத்தில், என்றைக்கு அழைத்து வருவார்?"

டாக்டர் நியமனம் பற்றிப் பேசத் தயாராக வந்திருந்த சுகாதார அமைச்சர் கோப்பைப் புரட்டினார். அதில் விமானம் இல்லை. மீன்வளத்துக்கான அமைச்சரைப் பார்த்தார். அவர் பக்கத்து அமைச்சரைப் பார்த்தார். பக்கத்து அமைச்சர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். "ஆஸ்பத்திரியில் இப்போது விமானமும் விடுகிறார்களா?" என்று யாரோ குரல் கொடுக்க, அவை குலுங்கிச் சிரித்தது. "மூலக் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்றார் பேரவைத் தலைவர். அதற்குள் அமைச்சர் எழுந்துவிட்டார்.

"உறுப்பினர் கேட்பது எனக்குச் சரியாகப் புரியவில்லை" என்று தொடங்கினார். "ஆனால் நம் ஆள் ஒருவர் எங்கோ ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்பது புரிகிறது. அவரை அழைத்து வந்து அரசு மருத்துவமனையில் சிகிச்சை அளிக்க நடவடிக்கை எடுக்கப்படும்."

"என்ன சார் சொல்லுதாரு? கொண்டு வருவாவளா, மாட்டாவளா? எதுக்குச் சிரிக்காவ?" என்று ஃபிலோமினா அக்கா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு எதுவும் விளங்கவில்லை. துணைக்கேள்வி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"பழம்! மக்ளே, பழம்! எடுக்கப்படும்ணுட்டாரு!"

சந்தோஷம் முழுதாக அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. எம்.எல்.ஏ.வின் போன் வந்தது. துணைக்கேள்வி போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்துப் பேசுவார், அதனால் எல்லாமே என் காதில் விழுந்தது.

"ஓய், எனக்க மானத்தக் கப்பலேத்திட்டேரே! சபையே சிரிக்குது. மஞ்சத் தாளு எங்க ஓய்? ரெண்டும் பச்சையாட்டு இருக்கு. யாரு செய்த வேல இது?"

எனக்கு அந்த வேலை தேவையாக இருந்தது. மிச்சமிருந்த பச்சைத் தாள்களைக் காலால் மேஜைக்கடியில் தள்ளினேன்.

"நான்தான் சார். நான்தான் ரெண்டையும் பச்சையில அடிக்கச் சொன்னேன்" என்றார் துணைக்கேள்வி.

"நாளை முதல் அந்தக் கசேரயில ஓம்மப் பாக்கப்படாது!"

"சரி சார்."

அவ்வளவுதான். நாற்காலியை விட்டு எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு எதிரே சாயாக்கடைக்குப் போனார். மறுநாள் முதல் அங்கே ஒரு பெஞ்சில் அலுவலகம் நடந்தது. அமைச்சரின் பதிலை எழுத்து பிசகாமல் குறித்து வைத்துக்கொண்டு, ஃபிலோமினா அக்காவின் பெயரில் உறுதிமொழிக் குழுவுக்கும் மூன்று துறைகளுக்கும் மாறி மாறி மனு எழுதினார். சாப்பாட்டு நேரத்தில் எம்.எல்.ஏ.வுக்குத் தெரியாமல் தட்டச்சு செய்தது நான். மூன்று துறைகளிலிருந்தும் பதில் வந்தது. முன்பு 'எங்கள் ஆள் இல்லை' என்றவர்கள் இப்போது ஆளுக்கொரு பக்கம் லூர்துவை இழுத்தார்கள். ஒருவர் தூதரகத்துக்கு எழுதினார், ஒருவர் படுக்கை ஒதுக்கினார், ஒருவர் வீட்டில் வந்து அக்காவிடம் கையெழுத்து வாங்கினார். சுகாதார அமைச்சர் சொன்ன வார்த்தைக்கு மீன் ஆபீசர் ஏன் ஓடினார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நான்கு மாதம் கழித்து லூர்து திருவனந்தபுரம் விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் வெளியே வந்தார். எம்.எல்.ஏ. பொன்னாடையோடு முன்னால் நின்றார். அவருடைய சமயோசிதமான கேள்வி பற்றி அவரே பத்திரிகைக்காரர்களிடம் விளக்கிக்கொண்டிருந்தார். லூர்து மிரண்டுபோய், "யாரு இவியெல்லாம்?" என்று குழறினார்.

"மூணு ஆபீசுக்காரவளும் வந்திருக்காவ. இனி நீங்க எல்லாருக்க ஆளும்தான்" என்று ஃபிலோமினா அக்கா அவர் விளங்காத கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் துணைக்கேள்வியைத் தேடினேன். அவர் வெளியே, லூர்துவை ஏற்றிப் போக வந்த கார்க்காரரிடம், "(அ) இந்த வண்டி சீட்டு சாயும்ங்கியத டிரைவரு அறிவாரா?" என்று ஆரம்பித்திருந்தார்.

அந்த வேலையை நான் பிறகு விட்டுவிட்டேன். அவர் இப்போது வடசேரி பஸ் ஸ்டாண்டில் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். யாராவது பஸ் நேரம் கேட்டால், எதற்காகப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்கிறார். கடைக்காரரை, டிரைவரை, மந்திரியை எல்லாம் குடைந்த மனிதர், அந்த மஞ்சள் தாள் எங்கே போயிற்று என்று என்னை மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. இத்தனை வருடமும் அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது. போன வாரம் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

"அண்ணாச்சி, அண்ணைக்கு மஞ்சத் தாளு தீந்து போச்சு. வாங்கப் போவ மடி. நான்தான் பச்சையில அடிச்சேன். ஒங்களுக்குத் தெரியுமா?"

அவர் மார்த்தாண்டம் வண்டி உள்ளே திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வினா எழவில்லை மக்ளே. ஒனக்க வண்டி வந்தாச்சு, ஏறு."

நான் அந்த வண்டியில் ஏறவில்லை. அதற்கடுத்த வண்டியிலும் ஏறவில்லை.