வீட்டில் அவள் தங்கம்

பெற்றோரில் ஓர் இனம் உண்டு. உருவத்தை வைத்து அடையாளம் காண முடியாது. பிள்ளை நாலு பேர் நடுவில் உருண்டு புரளத் தொடங்கியதும் வாயைத் திறப்பார்கள் பாருங்கள், அப்போது தெரிந்துவிடும். "வீட்ல இப்படிப் பண்ணவே மாட்டா!" சந்தேகமே வேண்டாம், அவர்தான்.

நேரில் பார்க்க ஆசையா? சனிக்கிழமை சாயங்காலம் சீர்காழிக்கு வாருங்கள். ஷீபா டீச்சர் தன் வீட்டு மாடியில், சின்னப் பிள்ளைகளை அப்பா அம்மா மடியில் உட்கார வைத்துப் பாட்டுச் சொல்லித் தருகிறார். பிள்ளையின் கையைப் பிடித்துத் தாளம் போடுவது பெற்றவர் பொறுப்பு. நானும் மகனோடு போகிறேன். எனக்கு எதிரில் கிளாட்சன், அவர் மடியில் மூன்று வயது பிரின்ஸி. மடியில் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். பாதி நேரம் அவர் காதில் போன் இருக்கும்.

போன வாரம் அவள் செய்ததை மட்டும் கேளுங்கள்: சுருதிப் பெட்டியின் திருகைத் திருகி, ஜால்ராவை ஜன்னல் வழியாகத் தெருவுக்கு அனுப்பி, பக்கத்துக் குழந்தையின் ரிப்பனை உருவி, அது அழ, அதைவிட உரக்கத் தான் அழுது, முடிவில் மல்லாந்து படுத்துக் காலை உதைத்தாள். வகுப்பு தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

கிளாட்சன் சமாளித்த அழகு இருக்கிறதே! முதலில் எல்லோரையும் பார்த்து ஒரு சிரிப்பு. அடுத்தது மிரட்டல். "ஒண்ணு... ரெண்டு... அப்பா மூணு சொல்லப் போறேன்... ரெண்டே கால்... ரெண்டரை..." மூன்று வருவதே இல்லை. இது ஏதோ புதுத் தாளம் போலிருக்கிறது என்று மற்றப் பிள்ளைகள் கைதட்ட ஆரம்பித்துவிட்டன. பிறகு காரணங்கள்: தூக்கம் போதவில்லை, புழுக்கம், பல் முளைக்கிறது. மூன்று வயதில் எந்தப் பல்? கடைசியாக மந்திரம்: "வீட்ல தங்கம் டீச்சர். இருக்கற இடம் தெரியாது."

ஷீபா டீச்சர் பொறுமைசாலி. அவரே அன்று, "அண்ணே, மத்த பிள்ளைங்க பாவம். கொஞ்ச நாள் நிறுத்திக்கலாமா?" என்று கேட்டுவிட்டார்.

கிளாட்சனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. எனக்கே பாவமாக இருந்தது. அவர் நெல் அறுக்கும் மிஷின் வாடகைக்கு விடுகிறவர். குறுவை அறுப்பு முடியும்வரை விடியுமுன் கிளம்பி, பிள்ளை தூங்கிய பிறகு வீடு திரும்புகிறவர். மகள் விழித்திருக்கையில் அவர் அவளைப் பார்ப்பது இந்த வகுப்புக்கு வரும்போதுதான். இதுவும் போனால்?

"எனக்கு இது ஒண்ணுதான் டீச்சர்..." என்று அவர் இழுக்கும்போதே சட்டைப்பையில் போன் அடித்தது. அவர் கை போவதற்குள் பிரின்ஸி எழுந்து பிடுங்கினாள். காதில் வைத்தாள். அப்பாவைப் போலவே மறு கையை இடுப்பில் ஊன்றினாள்.

"வந்துக்கிட்டே இருக்குங்க! வண்டி கொள்ளிடம் தாண்டிருச்சுங்க! பத்து நிமிஷங்க!"

போனுக்குள்ளிருந்து ஒரு விவசாயியின் குரல் மாடி முழுக்கக் கேட்டது. "காலையிலேருந்து நீ சொன்ன பொய் பத்தாதுன்னு இப்ப பாப்பாவையும் பழக்கிட்டியாய்யா?"

நாங்கள் சிரித்த சிரிப்பில் சுருதியே கேட்கவில்லை. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். "பாப்பா இருக்கட்டும்ண்ணே. இத மட்டும் எங்கிட்ட குடுங்க."

போன் மேசை இழுப்பறைக்குள் போனது. பாட்டு மறுபடி தொடங்கியது. இழுப்பறைக்குள் அது உறுமும்போதெல்லாம் கிளாட்சனின் உடம்பு தானாக எழுந்தது. பிரின்ஸி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருப்பா." உட்கார்ந்தார். அவர் கையைத் தூக்கித் தன் தொடையில் தட்டி, அவள்தான் அவருக்குத் தாளம் சொல்லிக்கொடுத்தாள். வகுப்பு முடியும்வரை அவள் இடத்தைவிட்டு அசையவில்லை.

படியிறங்கும்போது கிளாட்சன் என்னிடம் பெருமையாகச் சொன்னார்: "பாத்தீங்கல்ல? வீட்ல இப்படித்தான்."

அது அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவரை விடுங்கள். நீங்கள் இதைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது ஒரு சின்னக் கை உங்கள் முழங்காலைச் சுரண்டியதே, "இரு கண்ணு, இதோ வந்துட்டேன்" என்றீர்களே, உங்கள் வண்டி இப்போது கொள்ளிடம் தாண்டிவிட்டதா?